குவார்ட்டர்பேக் போவானா, அப்பா இருப்பாரா

எனக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. கிரிக்கெட் ஓடும் வீட்டில் பிறந்து வளர்ந்தும் எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அப்படிப்பட்ட நான் ஒரு குளிர்காலம் முழுக்கக் காரில் ஸ்போர்ட்ஸ் ரேடியோ கேட்டேன். எங்கள் பக்கத்து அமெரிக்கன் ஃபுட்பால் டீமின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், டீமை விட்டுப் போவானா மாட்டானா என்று ஊரே வாய் வலிக்கப் பேசிய வருஷம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கிக் குடியேறி நாங்கள் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்தோம்.

ரேடியோ கேட்டது அப்பாவுக்காக. அம்மா இறந்த பிறகு சென்னையில் தனியாக இருந்தவரை விசிட்டர் விசாவில் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். நான் ஒரே பெண். சிட்டிசன் ஆகிவிட்டிருந்ததால் அவருக்கு கிரீன் கார்டுக்கு என்னால் அப்ளை பண்ண முடியும். அவர் செய்ய வேண்டியதெல்லாம் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று வாயைத் திறந்து சொல்வது மட்டும்தான். அதை அவர் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் "பாக்கலாம்மா" என்பார். விசா கொடுத்த ஆறு மாசமும் ஒரு பக்கம் கரைந்துகொண்டே இருந்தது.

வந்த புதிதில் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், மகள் ஸ்கூலுக்குப் போய்விடுவாள். கார் இல்லாமல் அந்த ஊரில் தெருமுனைக்கு மேல் எங்கும் போக முடியாது. வாசலில் வந்து விழும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பார். அப்படிப் படிக்கும்போதுதான் ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் அந்தக் குவார்ட்டர்பேக் மாட்டினான். தினமும் அவன் படம். தினமும் ஒரே கேள்வி, இருப்பானா போவானா. டீம் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்தது. அவன் நல்ல நாளில் இந்த டீமைத் தூக்கி நிறுத்தியவன். இப்போது வயதாகிவிட்டது, பின்னாலேயே ஒரு சின்னப் பையன் தயாராக நிற்கிறான். அப்பாவுக்கு இது போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி. முன்னால் உட்கார ஆரம்பித்தார். விளையாட்டின் சட்டதிட்டங்களைப் பக்கத்து வீட்டு அமெரிக்கர் வேலி ஓரமாக நின்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர், டீமுக்குப் பரம்பரை ரசிகர், அப்பாவின் வயதுதான் இருக்கும்.

அப்பா முதலிலிருந்தே ஒரு கட்சி எடுத்துக்கொண்டார். அவன் போகக் கூடாது. "இத்தனை வருஷம் ஒரு இடத்துல இருந்துட்டு, தோக்குறப்ப விட்டுட்டுப் போறது என்னம்மா நியாயம்? இருக்கட்டும். இருந்து முடிச்சுட்டுப் போகட்டும்" என்பார்.

இதைக் கேட்டு எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோயிலில் பூ விழுந்ததா என்று பார்ப்பதுபோல நான் அந்தக் குவார்ட்டர்பேக்கைப் பார்க்கத் தொடங்கினேன். அவன் இருந்தால் அப்பா இருப்பார். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சிக்னலுக்கு சிக்னல் நின்று ஆபீஸ் போகிற நேரமெல்லாம், யாரோ ஒருவன் ரேடியோவுக்குப் போன் பண்ணி "அவனைத் துரத்துங்கள்" என்று கத்தினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நீ யாருடா துரத்துவதற்கு என்று காருக்குள் தமிழில் திட்டுவேன்.

வீட்டில் அப்பாவுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மாடியில் தனி அறை, தனி பாத்ரூம். பனி கொட்டினால் அதை அள்ளும் ஷவலைத் தொட விடமாட்டேன், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனால் யார் பார்ப்பது? இன்ஷூரன்ஸ் வேறு கிடையாது. பாத்திரம் கழுவ வந்தால் "நீங்க உட்காருங்கப்பா" என்பேன். போன் அடித்தால் கண்டவனும் எதையாவது விற்கக் கூப்பிடுவான், எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். வயதான காலத்தில் ஒரு மனிதரை உட்கார வைத்துச் சோறு போடுவதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. என் கணவரும் தங்கமாக நடந்துகொண்டார். ஆபீஸிலிருந்து வந்ததும் "மாமா, சாப்டீங்களா?" என்று கேட்காமல் ஷூவைக் கழற்ற மாட்டார்.

பொங்கலுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவது. தமிழ்க் குடும்பங்கள் ஒரு நாலைந்து. பெண்கள் நாங்கள் கிச்சனில், ஆண்கள் ஃபேமிலி ரூமில், குழந்தைகள் பேஸ்மென்டில். சீசனின் கடைசிக் கட்ட ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன, எங்கள் டீம் ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தது. வேறு யாரோ இரண்டு டீம் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பேச்சு என்னவோ எங்கள் ஊர்க் குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான். அப்பா அழைத்திருந்ததால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார். தட்டில் புளியோதரையை வைத்துக்கொண்டு அதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் வடைத் தட்டோடு உள்ளே போனபோது அப்பா தன் யோசனையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் மின்சார வாரியத்தில் இன்ஜினியராக இருந்தவர், ஆபீஸ் கிரிக்கெட் டீமுக்குப் பல வருஷம் கேப்டன். வயதானதும் கேப்டன் பதவியை ஒரு இளைஞனிடம் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி ஏழாவது ஆளாக பேட் பிடித்து ரிட்டயர் ஆகும்வரை ஆடியவர். அதில் அவருக்கு ஏகப்பெருமை.

"எதுக்கு இவ்வளவு பேச்சு? கேப்டன்சியை அந்தச் சின்னப் பையன்கிட்ட குடுத்துடட்டும். இவன் டீம்லயே இருக்கட்டும். வேற இடத்துல ஆடட்டும். பந்து பிடிக்கிறாங்க இல்ல, அங்க நிக்கட்டும். அனுபவம் இருக்கு, பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கலாம்" என்றார்.

"கரெக்ட் அங்கிள்" என்றார்கள் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும். ஒருவர் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கையைக் காட்டி விளக்கவே தொடங்கிவிட்டார். எல்லாரும் அண்ணா யுனிவர்சிட்டி, ஆர்.இ.சி. என்று படித்த இன்ஜினியர்கள். ஆனால் மனசுக்குள் ஓடுவதெல்லாம் சேப்பாக்கம் மைதானம். அங்கே கேப்டன் பதவி போனாலும் மனுஷன் டீமில் ஆடிக்கொண்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா தன் பழைய மெட்ராஸ் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்படி ஓர் இடமே இந்த ஆட்டத்தில் கிடையாது என்றார். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்காக வளர்க்கப்பட்டவன், எறியாவிட்டால் அவனுக்கு வேறு வேலை எதுவும் இல்லை, பெஞ்சில் உட்காரலாம் அல்லது வேறு ஊருக்குப் போகலாம் என்றார். ஆண்கள் எல்லாரும் தங்கள் அறியாமையை நினைத்து உரக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. "பெஞ்சில் உட்கார்ந்தால் மரியாதையாக நடத்துவார்களா?" என்று கேட்டார்.

"ராஜா மாதிரி நடத்துவார்கள். நல்ல கோட்டு கொடுப்பார்கள், குளிருக்கு ஹீட்டர்கூட வைத்திருப்பார்கள்" என்றார் அவர்.

"ஆட்டத்தில் அவனுக்கு ஒரு வேலையும் இருக்காதா?"

"கைத்தட்டலாம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு டி.வி. பக்கம் திரும்பினார். நான் வடையை நீட்டினேன். போதும்மா என்றார்.

அந்த வாரத்திலிருந்து அவர் கட்சி மாறிவிட்டது. பேப்பரைப் படித்துவிட்டு, "போறதுதான் சரி. அவன் போயிடணும்" என்றார் ஒரு நாள் காலையில். எனக்குக் காபி டம்ளர் கையில் அப்படியே நின்றது. ஏன்ப்பா, இவ்வளவு நாள் இருக்கணும் இருக்கணும்னு சொன்னீங்களே என்று கேட்டேன். "அப்ப எனக்கு ஆட்டம் தெரியாதும்மா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் புரியாத மாதிரி ஆபீஸுக்குப் போனேன். அன்று ரேடியோ போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வைத்தே சொல்லிவிட்டார். "போயிட்டு வரேம்மா. டிக்கெட்டைத் தள்ளிப் போட வேணாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கணவர் மெல்ல மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு நழுவினார். "இங்க என்னப்பா குறை?" என்று கத்தினேன். "சொல்லுங்க. எதுல குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல."

"பொண்ணு வீட்டுல எப்படித் தங்குறதுன்னுதானே? ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னுதானே? நான் பையனா பொறந்திருந்தா இருந்திருப்பீங்க."

இதைத்தான் நான் மாசக்கணக்காக மனசில் வைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக்கூட யோசிக்கிற பரம்பரை எங்களுடையது. அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன், அதற்கான பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"பையன் வீடா இருந்தாலும் போயிருப்பேன்" என்றார் அப்பா. ரசஞ்சாதத்தைப் பிசைந்தார். பிறகு, "அந்தப் பிளேயரை எடுத்துக்கோ. இங்க இருந்தா அவனுக்கு எல்லாம் குடுப்பாங்க. நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா அவன் என்ன பண்ணுவான், சொல்லு" என்றார்.

"நீங்க ஒண்ணும் குவார்ட்டர்பேக் இல்ல" என்றேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"இல்லதான்" என்றார். "ஆனா எனக்கும் ஞாயித்துக்கிழமை வருதே."

  பிப்ரவரியில் நெவார்க் ஏர்போர்ட்டில் அப்பாவை ஏற்றிவிட்டு வந்தோம். மகள் மட்டும், "தாத்தா, ஆர் யூ கமிங் பேக்?" என்று விடாமல் கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்குச் சொன்ன அதே "பாக்கலாம்மா"வைத்தான் அவளுக்கும் சொன்னார்.

போன கொஞ்ச நாளிலேயே அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டதாகப் போனில் சொன்னார். அந்தக் கோடையில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். செயலாளர் வேலைக்கு வேறு யாரும் வரவில்லை, இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் கரித்துக் கொட்டினேன். வெயிலில் நின்று லாரிக்காரனோடு சண்டை போடும் வயதா இது? நான் மனம் தளரவில்லை. ஒவ்வொரு தடவை பேசும்போதும் கிரீன் கார்டுப் பேச்சை எடுப்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் அதை நழுவவிடுவார்.

குவார்ட்டர்பேக் போய்விட்டான் என்ற செய்தி ஒரு நாள் சாயங்காலம் டி.வி.யில் வந்தது. தூரத்தில் ஏதோ ஒரு ஊர், அங்கேயும் சுமாரான டீம்தான். பக்கத்து வீட்டுக்காரர் டிரைவ்வேயில் நின்று கையை விரித்துக் காட்டினார், அவர் முகம் இழவு வீட்டு முகமாக இருந்தது. நான் உள்ளே ஓடி காலிங் கார்டை எடுத்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருக்கும்.

"அப்பா, அவன் போயிட்டான்."

"யாரு? ஓ, அவனா? எந்த ஊருக்கு?"

சொன்னேன்.

"அங்க அவனை ஆட விடுவாங்களா? இல்ல, அங்கயும் உட்கார வெச்சுடுவாங்களா?"

"முதல் ஆட்டத்துலேர்ந்து அவன்தானாம்."

"அப்பச் சரி. நல்லாருக்கட்டும்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த யாரோ ஒருவனுக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே, இங்கே நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு விடுவதில்லை என்று, "அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. நான் அங்க வந்து உங்களைக் கூட்டிட்டு" என்று ஆரம்பித்தேன்.

பின்னால் யாரோ படியில் தடதடவென்று ஓடி வருவது கேட்டது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியபடி. "சார், லாரி வந்துருச்சு சார்! மேல் வீட்டுக்காரங்க முன்னாடி நின்னு சண்டை போடுறாங்க. நீங்க வந்தாத்தான் சார் அடங்குவாங்க."

"இதோ வந்துட்டேன், யாரையும் குடத்தை வைக்க விடாதீங்க!" என்று அப்பா கத்தினார். அம்மா போன பிறகு அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. என்னிடம் திரும்பி, "அப்புறம் பேசலாம்மா, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கிச்சனிலேயே நின்றேன். கணவர் வந்து, "என்ன, அதுக்குள்ள வெச்சுட்டாரா? மாமா என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"அவருக்கு வேலை இருக்காம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அப்பா வரமாட்டார்.