அறுபதாம் கல்யாணத்தன்று போட்ட ஊசி

சுடர்விழி கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூத்த செவிலியர். ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். இன்சுலின் விஷயத்தில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு: சாப்பாடு கண்ணெதிரே வந்தால்தான் ஊசி. “சுடர் அக்கா ஊசியோட வரணும்னா மொதல்ல இலையப் போடுங்க” என்று வார்டில் கேலி செய்வார்கள். அந்தக் கண்டிப்பை அவள் ஒரே ஒருவருக்காகத் தளர்த்தினாள்.

தியாகராசன் அவள் ஊர்க்காரர். காலில் புண் என்று வந்து சேர்ந்திருந்தார். அவள் அப்பா வைரக்கண்ணு கடைசிவரை அவர் வயலில்தான் வேலை பார்த்தார். வார்டில் எவரையும் அதட்டும் சுடர்விழிக்கு அவரிடம் மட்டும் குரல் உயராது. அவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். “வைரக்கண்ணு மவளே” என்பார், பிரியமாகத்தான்.

திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். புண் ஆறிவந்ததால் ஒருநாள் போய்வர டாக்டர் அனுமதித்தார். கிளம்பும் காலையில் சர்க்கரை நூற்று முப்பதுதான் இருந்தது. ஊசியோடு நின்ற சுடர்விழி, “சாப்பாடு எங்க?” என்று கேட்டாள்.

“இட்லி கட்டி வண்டியில வச்சிருக்கு சிஸ்டர். போற வழியில சாப்பிட்டுருவாங்க” என்றார் மனைவி மங்களாம்பிகை. சொல்லிவிட்டு, தலைப்பூவைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் செந்தில்குமார் உறவினர்களைத் தான் ஓட்டிப்போகும் இன்னொரு காரில் ஏற்றிவிட்டு வந்து அவசரப்படுத்தினான். “ஒம்பது மணிக்குள்ள மணையில உக்காரணும் சிஸ்டர். சீக்கிரம்.”

“இங்கயே ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போகலாமே...”

“என்ன வைரக்கண்ணு மவளே, மாப்பிள்ளைய மறிக்கிற? ஒங்கப்பன் இருந்தா இந்நேரம் வண்டிக்கு முன்னால ஓடியிருப்பான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு ஊசியைப் போட்டாள்.

கலசநீர் ஊற்றும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். விரதமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அரைநாள் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டிருக்காது.

மணையில் உட்கார்ந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஹோமப்புகை என்றார்கள். பேச்சு குழறியது. சந்தோஷத்தில் தொண்டை அடைக்கிறது என்றார்கள். சரிந்து விழுந்த பிறகும் விசிறிக்கொண்டுதான் இருந்தார்கள். செந்தில்குமார் சுடர்விழிக்குப் போன் செய்தபோது வெகுநேரம் கடந்திருந்தது.

“சர்க்கரை இறங்கியிருக்கு. வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, குளுக்கோஸ் ஏத்தச் சொல்லுங்க!”

“வழியில சாப்பிட்டாருன்னு அம்மா சொன்னாங்களே சிஸ்டர்?”

“ஓடுங்க தம்பி!”

உயிர் பிழைத்தது. நினைவு முழுதாகத் திரும்பவில்லை. தன் வயலுக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்பது இன்று தியாகராசனுக்குத் தெரியாது. மகன் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது.

டாக்டரிடம் சுடர்விழி எதையும் மறைக்கவில்லை. அவர் கண்டித்தார். வீட்டுக்காரர்களிடம் இதைப் பேசவேண்டாம் என்றும் சொன்னார். சம்பா நடவு முடியும்வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள், தாயிடமும் மகனிடமும் சொல்லிவிடுவது என்று அவர்கள் வீட்டுக்கே போனாள்.

மங்களாம்பிகை கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நான் ஊசி போட்டிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னுது.”

கரண்டி கிண்ணத்தில் நின்றது. “இட்லியே கட்டல சிஸ்டர். தாலி நெலைக்கணும்னு ரெண்டு பேரும் விரதம். சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்.” உள்ளறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “புள்ளைக்குத் தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்கமாட்டான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், நீங்களும் ஒண்ணும் சொல்லிராதீங்க.”

தன் தவறை மகனிடம் சொன்னால் அந்த இட்லியைப் பற்றி அவன் கேட்காமல் இருக்கமாட்டான். சுடர்விழி சரியென்று தலையசைத்தாள்.

செந்தில்குமார்தான் வண்டியில் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டான். “நீங்க அன்னைக்கு போன்ல சொல்லலன்னா அப்பா இல்ல சிஸ்டர். சாகுறவரைக்கும் மறக்கமாட்டோம்” என்றான்.

அவள் பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.