பால் விடாத புதினா டீ

கணபதி என்ற ஊரில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா நல்ல உயரம், இரண்டு பக்கமும் மூக்குத்தி. கிணற்றடியில் புதினா வளர்த்தார். பறிக்கும்போதெல்லாம் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்.

எனக்கு மில் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெற்றோர் இல்லாததால் மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க அந்த வீட்டுக்கே வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி என்று நான் ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தேன். கடைசி நேரத்தில் அந்த அம்மா, "பால் திரிஞ்சுபோச்சு அம்மணி" என்று சொல்லி, புதினாவும் இஞ்சியும் கருப்பட்டியும் போட்டு டீ கொதிக்கவைத்தார். விருந்தாளிக்குப் பாலில்லாத டீயா? சம்பந்தமே நின்றுவிடும் என்று பயந்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பால் ஊத்த மறந்துட்டீங்களா?"

"பஜ்ஜி தின்ன வவுத்துக்கு இதுதானுங்க நல்லது. குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

குடித்தார். பெரிய ஏப்பம் வந்தது. முதலில் சிரித்தவரும் அவர்தான். "இன்னொரு டம்ளர் குடுங்க!"

சம்மதம் சொல்லி அவர்கள் போனபின் அடுக்களைக்குள் போனேன். சட்டி நிறைய நல்ல பால், ஏடு படிந்து இருந்தது.

"என்னங்க இது?"

"பாலில்லாத டீக்கு மூஞ்சியச் சுளிக்கற ஊட்டுக்கு உன்னை அனுப்புவேனா கண்ணு?"

சுளித்திருந்தால் அவர்களை என்ன சொல்லி அனுப்பியிருப்பார் என்று இன்றும் யோசித்துச் சிரிக்கிறேன்.