ஓரகத்தியின் ரத்தக்குழாய்

வாசலூர்பட்டி படகுத்துறைக்கு எதிரே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கும் கண்ணாயிக்கு, உலகத்தில் ஒரே ஒரு ஆளைக் கண்டால்தான் ஆகாது. அவளுடைய ஓரகத்தி மாதம்மாள். புருஷனுக்கு அண்ணன் பெண்டாட்டி.

மலைமேல் அரியூர் நாட்டில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இருவரும். மாமியார் வாயாரப் புகழ்ந்தது மாதம்மாளை. முதல் ஆண்பிள்ளை மாதம்மாளுக்கு. களி கிண்டினால் கட்டி தட்டாமல் வருவதும் அவளுக்குத்தான். இத்தனையையும் கண்ணாயி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு அவள் புருஷன் மாணிக்கம் பைக் வாங்கினான், சூப் கடை போட்டான். அப்பாடா, ஒரு விஷயத்திலாவது ஜெயித்தோம் என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. பைக்கின் பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து போவாள். பள்ளத்து வயலிலிருந்து மாதம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்தால் போதும், "ஆரன் அடிங்க" என்று புருஷன் முதுகில் தட்டுவாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது.

ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். மைதிலி என்கிற டாக்டரம்மா மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து ஒரு ஸ்கேன் கருவியோடு வந்திருந்தார். கையில் பட்டையைக் கட்டி ரத்தம் ஓடாமல் இறுக்குவார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டென்று அவிழ்ப்பார். தேங்கிய ரத்தம் பாய்ந்து வரும்போது குழாய் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று திரையில் பார்ப்பார்.

மாதம்மாளுக்குப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! சின்னப் பொண்ணுங்களுக்குக்கூட இவ்வளவு அகலமான, நல்ல ரத்தக்குழாய் இருக்காதும்மா" என்றார் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அடுத்து கண்ணாயி. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "உங்க குழாய் விறைச்சுப் போயிருக்கும்மா. விரியவே மாட்டேங்குது. பிரஷரும் இருக்கு. இப்படியே விட்டா ஆபத்து. மாத்திரை தாரேன், தினமும் நடங்க. ஆறு மாசத்துல மறுபடி வருவேன்."

ஆபத்து என்ற சொல் கண்ணாயியின் மண்டையில் ஏறவே இல்லை. மாதம்மாளின் குழாய் நல்ல குழாய் என்பதுதான் ஏறியது. வயிறு பற்றி எரிந்தது. நாள் முழுக்க இந்த மூலிகைச் சூப்பு குடிப்பவள் நான். ஒரு வாய்கூடக் குடிக்காதவளுக்கு எப்படி? கண்டிப்பாக எதையோ தின்கிறாள். இந்த மலையில் இல்லாத மூலிகையா? வாயே திறக்காமல் தின்கிறாள், கள்ளி! அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த முகாமில் அவளை முந்திக் காட்ட வேண்டும். அதற்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது கண்ணாயிக்கு.

புருஷனிடம், "ஏனுங்க, சாமிக்கு வேண்டுதல். காலைல நடக்கோணும், கடையை நீங்க தொறங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாளே வயலுக்குப் புல் அறுக்கப் போகும் மாதம்மாளின் பின்னால் கிளம்பினாள். இருபது முப்பது அடி பின்தங்கி, காப்பிச் செடிகளுக்குள் பதுங்கிப் பதுங்கி. பள்ளத்தில் இறங்குவதற்குள் தொடை நடுங்கியது. ஏறும்போது நாக்குத் தள்ளியது. மாதம்மாளோ வீட்டு வாசலில் நடக்கிற மாதிரி நடந்தாள். ஒருநாள் ஓடையோரம் எதையோ பறித்து மடியில் கட்டினாள். ஆஹா, அகப்பட்டுக்கொண்டாள்! அதே இலையைக் கண்ணாயியும் பறித்து மென்றாள். நாக்கு தடித்து, அன்று முழுக்க வாயைத் திறக்க முடியவில்லை. அது ஆட்டுக்குட்டிக்குப் பறித்த தழை என்று பிறகுதான் தெரிந்தது.

விட்டாளா? மழை பெய்தாலும் போனாள், மிளகு பறிக்கும் காலத்திலும் போனாள். மூலிகை மட்டும் கிடைக்கவில்லை. மேட்டில் மூச்சு வாங்குவது எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவும் இல்லை. கண்ணெல்லாம் மாதம்மாளின் கையிலும் வாயிலுமே இருந்தது.

மறுபடி முகாம் வந்தது. டாக்டரம்மா திரையைப் பார்த்தார், கண்ணாயியைப் பார்த்தார். "என்னம்மா பண்ணீங்க? பிரஷர் குறைஞ்சிருக்கு. குழாய் அழகா விரியுது. மாதம்மாளுக்குக்கூட இன்னைக்கு இவ்வளவு விரியல!"

கண்ணாயிக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தில் இருந்த ஒவ்வொருத்தர் முகத்தையும் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நாந்தேன் அக்காளைவிட மேலுங்களா?"

"அப்படி இல்லம்மா" என்று சிரித்தார் மைதிலி. "மேடு ஏறும்போது ரத்தம் வேகமாப் பாயுமில்ல? அது உரசி உரசித்தான் குழாய் விரியப் பழகுது. நீங்க இப்ப அந்த நிலைமையில இருக்கீங்க. அவங்க வருஷக்கணக்கா ஏறினவங்க, அவங்க குழாயே அகலமா வளர்ந்துருச்சு. இதுக்கு மேல ரொம்ப விரிய வேண்டிய தேவையில்ல."

போச்சு! இதிலும் அவள்தான். கண்ணாயி முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். மாதம்மாள் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. நீ பின்னாலயே வாரது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே குறுக்குப் பாதையை உட்டுப்போட்டு மேட்டுப் பாதையிலயே சுத்திப் போனேன். நடன்னு நான் சொன்னா நீ நடப்பியா?"

கண்ணாயிக்கு முகம் கருத்துவிட்டது. நெஞ்சுக்குள் ஓடுகிற ரத்தம்கூட இவள் போட்ட பிச்சையா! கையை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் மாதம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இன்னைக்கு நான் முன்னால போறேன். நீ பின்னால வா."

மாதம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். மேட்டுப் பாதையில் கண்ணாயி திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறினாள். பாதி மேட்டில் பின்னால் மாதம்மாளுக்கு இளைக்கிற சத்தம் கேட்டது.

"மெதுவாப் போடி, முடியல."

கண்ணாயி நின்றாள். நிஜமாகவே இளைக்கிறதா, இல்லை இதையும் எனக்காகத்தான் செய்கிறாளா? அதை நினைத்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் வேகமாக ஏறினாள்.