பதினெட்டாயிரம் கோப்பும் ஏழாவது நிறுத்தமும்

என் வீட்டுக்காரர் பகலெல்லாம் பேருந்து ஓட்டுகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கணினி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் பேருந்து ஓட்டுகிறார். பேருந்து ஓட்டும் விளையாட்டு அது. "ஏங்க, நாள் முழுக்க ஓட்டினது போதாதா?" என்று கேட்டால், "இங்க பின்னாடி நின்னு யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க" என்பார்.

விளையாட்டோடு வரும் வண்டிகளும் சாலைகளும் அவருக்குப் பற்றாது. யார் யாரோ செய்து இணையத்தில் போட்டிருக்கும் துணைக் கோப்புகளைத் தேடித் தேடி இறக்குவார். புது வண்டி, புது மரம், புது ஹாரன். பதினோரு வருடத்தில் பதினெட்டாயிரம் கோப்புகள், எல்லாம் ஒரே ஃபோல்டரில். ஒரு சட்டையை ஒழுங்காக மடித்து வைக்கத் தெரியாதவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? விளையாட்டு திறந்து வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குள் அவர் குளித்து, துணி உலர்த்தி, என்னிடம் இரண்டு திட்டும் வாங்கிவிடுவார்.

ஆனால் தான் தினமும் ஓட்டும் தடத்தையே, வேகத்தடை, குழி, சாய்ந்த விளக்குக் கம்பம் உட்பட, அதற்குள் கட்டி வைத்திருந்தார். அந்தப் பொறுமையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தத் தடத்தின் ஏழாவது நிறுத்தம், நான் டோக்கன் கொடுக்கும் மூட்டு சிகிச்சை நிலையத்தின் வாசலில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் குறைவு, வண்டியும் தாமதமாகிறது என்று சொல்லி அதை எடுத்துவிடப் போவதாகப் போக்குவரத்து அலுவலகம் அறிவித்தது. அடுத்த நிறுத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம். முழங்கால் போனவர்கள் அந்த மேட்டை ஏறி இறங்க வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம், ஆட்சேபம் உள்ளவர்களுக்குப் பத்து நிமிடம்.

"பேசச் சொன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். ஓட்டிக் காட்டிடறேன்" என்றார் இவர்.

"பத்து நிமிஷத்துல உங்க விளையாட்டு கண்ணே முழிக்காதே!"

மகள்தான் வழி சொன்னாள். "துணைக் கோப்பையெல்லாம் வகை பிரிச்சு அடுக்கறதுக்குன்னே ஒரு மென்பொருள் இருக்குப்பா. போட்டுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் வண்டி தனி, சாலை தனி, மரம் தனி என்று பிரித்து அடுக்கிவிட்டது. அவர் மானத்தையும் சேர்த்து வாங்கியது. ஒரே ஹாரன் நாற்பத்தொரு தடவை இருந்தது. 'புதுசு', 'புதுசு இரண்டு', 'இதுதான் கடைசி', 'இதுதான் நிஜமா கடைசி' என்று கோப்புகளுக்குப் பெயர். நானும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கடைசியில், 'ஒரே மாதிரியான கோப்புகள் அறுநூற்று முப்பது உள்ளன. நீக்கலாமா?' என்று கேட்டது. சிரித்ததில் ரோஷம் வந்து, பட்டியலைக்கூடப் பார்க்காமல் 'ஆம்' என்று அழுத்திவிட்டார்.

விளையாட்டு மூன்றே நிமிடத்தில் திறந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார். ஐந்து நாளும் திறக்கிற அழகைப் பார்த்தாரே தவிர, பணிமனை வாசலைத் தாண்டி ஒரு தடவையும் ஓட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கணினியைத் தூக்கிக்கொள்ள, நான் ஒயர்களைத் தூக்கிக்கொள்ள, அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். சுவரில் இருந்த பெரிய திரையில் தடம் விரிந்தது. வண்டி கிளம்பியது. முதல் நிறுத்தத்தில் ஆளில்லை. இரண்டாவதில் ஆளில்லை. ஆறு வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை.

"என்னங்க இது, உங்க விளையாட்டுலயே ஏற ஆளில்லையே!" என்றார் அதிகாரி. அறையே சிரித்தது. இவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயணிகளுக்கென்று இவர் வைத்திருந்தது ஒரே ஒரு நீலச்சட்டை ஆள்தான். அந்தக் கோப்பையே பிரதி பிரதியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தன் வண்டியில் நிஜமாக ஏறும் ஒருவரின் அடையாளத்தைப் பெயராக வைத்து, அவரவர் நிறுத்தத்தில் நிறுத்தியிருந்தார். மென்பொருள் பெயரைப் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே ஆள் என்று கண்டு, பணிமனை வாசலில் ஒருவரை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் துடைத்துவிட்டது.

வண்டி ஏழாவது நிறுத்தத்துக்கு வந்தது. இவர் நிறுத்தினார். கதவைத் திறந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கிளம்புங்க, அதான் யாரும் இல்லையே" என்றார் அதிகாரி.

"ஏறிட்டு இருக்காங்க சார்."

இவர் படிக்கட்டைக் கை காட்டினார்.

"வாக்கர் அம்மா. முதல்ல வாக்கரைத் தூக்கி உள்ள வெப்பாங்க. அப்புறம் வலது கால். இடது கால் மடங்காது, அதனால கம்பியைப் பிடிச்சு இழுத்துக்குவாங்க... இப்ப ஏறியாச்சு. அடுத்து ரெட்டைப் பை ஐயா. கை கொடுத்தா கோவிச்சுக்குவாரு, பையை மட்டும் வாங்கிக்கணும்." திரையில் திறந்த கதவையே பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். "இவங்க உட்கார்ற வரைக்கும் நான் வண்டியை எடுக்க மாட்டேன். தாமதம்னு நீங்க எழுதியிருக்கறது இதுதான் சார்."

நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றாரே அந்த மனிதர்! எனக்கு டோக்கன் எண்களாகத் தெரிந்தவர்களை, எந்தக் காலை முதலில் வைப்பார்கள் என்பதுவரை இவர் தெரிந்து வைத்திருக்கிறார். கண்ணில் நீர் வந்ததை நான் மறைக்கவில்லை.

இவர் கதவை மூடும்போது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. "நிறுத்தம் இருக்கட்டும். அட்டவணையில அங்க ரெண்டு நிமிஷம் கூட்டிப் போடுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகள், நீக்கியவற்றை மென்பொருள் ஓர் ஓரமாகப் பத்திரப்படுத்தியிருந்ததைக் கண்டுபிடித்தாள். இவர் ஹாரன்களை அங்கேயே விட்டுவிட்டு, பயணிகளை மட்டும் ஒவ்வொருவராகத் திருப்பி எடுத்து, நிறுத்த வாரியாகத் தானே அடுக்கினார். முடிக்க ஒரு வாரம் பிடித்தது. இப்போது விளையாட்டு திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது.

"மறுபடியும் ரெண்டு நிமிஷம் கூடிடுச்சே" என்றேன்.

"ஏறட்டும்மா, என்ன அவசரம்" என்றார்.