ஆதி தாளத்தில் ஒரு ஃபவுல் ஸ்டார்ட்

என் முதல் டிராக் ரேஸ் ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துபோனது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் இரண்டு பைக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். சிவப்பு விளக்கு எரியும். அது அணைந்து பச்சை வந்தவுடன் நேர்க்கோட்டில் கால் மைல் பறக்க வேண்டும். பச்சை எப்போது வரும் என்பது விளக்குப் போடுகிறவரின் இஷ்டம். அதற்கு முன்னால் சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டால் ஃபவுல், வீட்டுக்குப் போகலாம். நான் தாண்டினேன். எனக்குள் ஏதோ ஒன்று 'இப்போ' என்று சொன்னது, கிளம்பிவிட்டேன். பச்சை அதற்கப்புறம் சாவகாசமாக வந்தது.

வண்டி என்னுடையது அல்ல. மந்தைவெளியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவருடையது. இஞ்சினைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்து ரேஸுக்கென்றே அவர் உருவாக்கிய வண்டி. நானோ ஆபீஸுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன். உடம்பு லேசு என்பதற்காகத்தான் என்னை அதில் ஏற்றியிருந்தார்.

"இன்னா நைனா, பச்ச வர்றதுக்குள்ள அப்படி இன்னா அவசரம்? அடுத்த ரேஸ்லயும் இதே கூத்து அடிச்சின்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன், சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு அந்த வண்டியை விட மனசில்லை. வாழ்க்கையில் வேறு எதற்காகவும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அவரிடமே கெஞ்சி, ஓரமாகக் கிடந்த பழைய ஹேண்டில்பார் ஒன்றை கிளட்ச் லீவரோடு வாங்கி வந்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு நாற்காலி முதுகில் அதைக் கயிறு போட்டுக் கட்டினேன். எதிர்ச் சுவரில் பச்சைக் காகிதம் சுற்றிய பல்பு. அது எரிந்ததும் கிளட்சை விட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

சுவிட்ச் போட அக்கா வந்தாள். அக்கா வயலின் வாசிப்பவள். அம்மா கூடத்தில் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். காலையில் கண் விழிப்பதே யாரோ தொடையில் தட்டும் சத்தத்தில்தான். அக்கா சுவிட்சைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள், அதன் சத்தம் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே. இரண்டே வாரத்தில் நான் சூரன் ஆகிவிட்டேன். பல்பு எரியும் கணத்திலேயே என் கை விட்டிருக்கும். அந்தத் தெம்போடு ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போய், அவரையே டார்ச் அடிக்கச் சொல்லி, உண்மையான வண்டியில் உட்கார்ந்தேன். மூன்று தடவையும் டார்ச்சுக்கு முன்னால் கிளட்சை விட்டேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. மறுநாள் மாலை அக்காவும் நானும் விடாமல் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அம்மா துணி எடுக்கப் பின்கட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏன்டி, லைட்டை எதுக்கு ஆதி தாளத்துல போட்டுண்டிருக்கே?" என்றாள்.

அக்கா சுவிட்சைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். அம்மா சொன்னது வாஸ்தவம். அக்கா தன்னையறியாமல் எட்டு எண்ணி, அடுத்த சுற்று தொடங்கும் சமத்தில் சுவிட்ச் போட்டிருக்கிறாள். நானும் எட்டு எண்ணி சமத்தில் கிளட்ச் விட்டிருக்கிறேன். பல்பை நான் பார்க்கவே இல்லை! சோழவரத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. சிவப்பு எரிந்ததும் உள்ளே தாளம் ஓட ஆரம்பித்துவிட்டது, விளக்குப் போடுகிறவர் மட்டும் சமத்துக்கு வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை உதைத்தேன், கால்தான் வலித்தது.

அக்கா வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தாள். ரூபக தாளத்துக்குப் போனாள், அப்புறம் மிஸ்ர சாபு தாளம். நாலைந்து தடவைக்குள் என் கை அதையும் மோப்பம் பிடித்துவிடும். "என்னால தாளம் இல்லாம போட முடியலடா" என்று அவளே சலித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் தாளமே இல்லாத மனுஷர் ஒருவர்தான் இருந்தார், அத்திம்பேர். அக்காவின் கணவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர். மாடி போர்ஷனில் இருந்தார்கள். அக்கா கச்சேரியில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டால் மேடையில் மிருதங்கக்காரரே தடுமாறுவார். கையை மடியிலிருந்து எடுக்கக் கூடாது என்று அம்மா அவருக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரிடம் போய் நின்றேன்.

"நான் தாளம் போட்டா இந்த ஆத்துல எல்லாரும் சிரிக்கறேள். இப்ப அதுதான் வேணுமாக்கும்?" என்றார். கொஞ்சம் வலித்திருக்க வேண்டும். ஆனாலும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அத்திம்பேரின் சுவிட்ச் மகா மோசம். உடனே போடுவார். அடுத்த தடவை ஆபீஸ் கதை ஒன்றை ஆரம்பித்து, சுவிட்ச் கையில் இருப்பதையே மறந்துபோவார். பேப்பரைப் புரட்டிக்கொண்டே பக்கத்துக்கு நடுவில் போடுவார். எட்டு முடிந்து என் கை பறந்துவிடும், பல்பு இருட்டாகவே இருக்கும். "முன்னாடி" என்பார், தலையை நிமிர்த்தாமலே. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் முதல் வேலை இதுதான். இடது கை விரல்கள் காய்த்துப்போயின. எண்ணாதே, எண்ணாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அதையும் தாளத்தோடு சொன்னேன். ஆனாலும் பயிற்சியை விடவில்லை. ஒரு மாதத்துக்குமேல் போன பிறகு, ஒரு மாலை, பல்பு எரிந்தது, கை விட்டது, நடுவில் நான் எதையும் எண்ணவில்லை. அத்திம்பேர் "ம்" என்றார்.

அடுத்த ரேஸுக்கு அத்திம்பேர் வேட்டியோடு சோழவரத்துக்கே வந்துவிட்டார். இவர்தான் எனக்கு சுவிட்ச் போட்டவர் என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் காட்டிவிட்டு, கோட்டில் வண்டியை நிறுத்தினேன். சிவப்பு. விளக்குப் போடுகிறவர் அன்றைக்கு நிரம்பவே இழுத்தார். பக்கத்து லேன்காரன் வண்டியை உறுமவிட்டு உறுமவிட்டுத் தவித்தான். எனக்குள் சத்தமே இல்லை. பச்சை வந்தது. நான் கிளம்பியது எனக்கே தெரியாது, பக்கத்தில் ஆள் இல்லை என்பதுதான் தெரிந்தது. பாதித் தூரம் வரை அப்படித்தான். அப்புறம் அவன் வண்டி என்னைத் தாண்டிப் போனது. அவனுடையது வேகமான வண்டி, நான் என்ன செய்ய முடியும்?

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். அத்திம்பேர் வெயிலில் முகம் வாடி நின்றிருந்தார். "தோத்துட்டியேடா" என்றார். அதற்குள் ஒர்க்‌ஷாப்காரர் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். வந்தவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக அத்திம்பேர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி சொதப்பிச்சு சார், அத்த நான் பாத்துக்கறேன். அடுத்த ரேஸ் வரிக்கும் இவனுக்கு சுவிட்ச் போடறத மட்டும் நிறுத்திடாதீங்க."