இருபது மில்லிசெகண்ட்

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர்தான். வலியசாலையிலிருந்து போகிற நான், பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற அவன். ஏழு வருஷம் அடுத்தடுத்த நாற்காலி. என் வாய்க்குப் பயந்து மற்றவர்கள் நாலடி தள்ளியே நிற்பார்கள். அவன் மட்டும், "உனக்க வாயிதான் அப்படி, ஆளு பாவமாக்கும்" என்பான். அவன் சொன்னது தப்பு. நான் ஒன்றும் பாவம் இல்லை.

ஆற்றங்கரையில் வைக்கிற எச்சரிக்கைப் பெட்டி ஒன்றுக்கு டிரைவர், அதாவது அதை இயக்குகிற புரோகிராம், எழுதிக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஏறினால் அது கூவ வேண்டும். மலைப்பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். திரும்பி வந்த ஒரு செகண்டுக்குள் பெட்டி எழுந்துவிட வேண்டும் என்பது பேச்சு. நாங்கள் பதினைந்து மில்லிசெகண்ட் அதிகமாக எடுத்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் எல்லோரையும் குறைக்கச் சொல்லிப் பிடுங்கி எடுத்தார்.

கடிகாரப் பகுதியை எழுதியவன் அவன். பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்குத் துடிப்புக் கொடுப்பது ஒரு சின்னப் படிகம். ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிவிடுமா? அதுபோலத்தான் இதுவும், நிதானத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தயாரானதும் சிப் பூஜ்யமாக இருக்கும் ஒரு பிட்டை ஒன்றாக்கிக் காட்டும். அதைப் பார்த்த பிறகும் அவன் எழுதிய புரோகிராம் கோடில் இன்னொரு இருபது மில்லிசெகண்ட் காத்திருந்தான். ஏன் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கமெண்ட் எழுதுவதென்றால் அவனுக்கு அவ்வளவு சோம்பல்.

"இது எதுக்குடா தண்டத்துக்கு? அதான் ரெடின்னு சிப்பே சொல்றதே!"

"அந்தச் சிப்பு பொய் சொல்லும், கேட்டியா. நான் பார்த்திருக்கேன். அதுல கை வைக்காத."

அவன் டீ குடிக்கப் போனான். நான் லேப் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வரியைத் தூக்கினேன். ஐம்பது தடவை ரீபூட் செய்தேன். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மாற்றிய புரோகிராமைப் பெட்டிக்குப் போகிற தொகுப்பில் சேர்த்துவிட்டு, அவன் வந்ததும் ஜெயித்தவள் மாதிரிச் சொன்னேன்.

"கரண்டைப் பிடுங்கிட்டுப் பார்த்தியா?" என்று கேட்டான்.

"ஐம்பது தடவை பார்த்தாச்சு. போய் வேலையப் பாரு."

பிடுங்கவில்லை. கட்டளை கொடுத்துத்தான் ரீபூட் செய்திருந்தேன். அப்படிச் செய்தால் கரண்ட் போவதே இல்லை, படிகம் நிற்பதே இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்! காலேஜிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

மழைக்காலத்தில் கல்லாற்றில் வைத்த பெட்டி செத்தது. விடியற்காலைக் குளிரில் கரண்ட் போய் வந்திருக்கிறது. குளிரில் படிகம் இன்னும் தாமதிக்கும்; காத்திருக்க அந்த வரி இல்லாததால் பெட்டி எழவே இல்லை. காலையில் தண்ணீர் ஏறி, கரையோரத்துக் கடையொன்றில் சாமானெல்லாம் போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வம் காப்பாற்றியது.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் அந்த வரியைத் திரையில் போட்டார். "இது ஆரா எடுத்தது?"

பக்கத்திலேயே அவன் பெயர் இருந்தது.

லேப் கம்ப்யூட்டரை அமைத்தவன் அவன். அதிலிருந்து எது போனாலும் அவன் பெயரில்தான் போகும். நாம்தான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் நான் மாற்றவில்லை. சத்தியமாக மறந்துதான் போனேன். ஆனால் திரையைப் பார்த்த அந்தக் கணத்தில் என் வயிற்றில் ஒரு நிம்மதி இறங்கியதே, அது மறதி இல்லை. அடுத்த மாதம் என்னை லீடாகப் போடுவதாகப் பேச்சு இருந்தது.

அவன் என் பக்கம் திரும்பினான். நான் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"எனக்க கோடுதான் சார்" என்றான்.

ராஜினாமா கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தான். அதற்குப் பிறகும் என்னோடு சண்டை போடவில்லை. நோட்டீஸ் முடிகிறவரை தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு என் எதிரில்தான் உட்கார்ந்தான். நான் நிறுத்தாமல் பேசினேன். மழை, பஸ், கேன்டீன் சாம்பார், என் மாமியார் கதை. ஊர்ப்பட்ட வாய் எனக்கு. அது ஒன்றைத் தவிர எல்லாம் பேசியது.

நான் லீட் ஆனேன்.

போன மாதம் சாலைக் கடைத்தெருவில் குழாய் வாங்கப் போனேன். இரும்புக் கடை ஒன்றில் கல்லாவுக்குப் பின்னால் அவன். மச்சான் கடையாம். புரோகிராம் எழுதுகிற வேலைக்கு வேறு எங்கும் எடுக்கவில்லை. எங்கே கேட்டாலும் கல்லாற்றுக் கதை அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் அழுதேன்.

"நான்தான்டா எடுத்தேன். நாளைக்கே மேனேஜர்கிட்ட போய்ச் சொல்றேன்டா."

"எனக்குத் தெரியாதா என்ன? இனி சொல்லி என்ன செய்ய, விடு." குழாயைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே பேசினான். "மீட்டிங்குல நீ பயந்துட்ட. அது போட்டும், எனக்கு மனசிலாச்சு. பின்ன மூணு மாசம் நோட்டீசு இருந்துச்சே. எதிர இருந்துதானே சாப்பிட்ட. இன்னைக்குச் சொல்லிருவ, நாளைக்குச் சொல்லிருவன்னு இருந்தேன். கடைசி நாளும் இருந்தேன்."

பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டான்.