பத்தொன்பதாவது டிஸ்க்

தம்பி அண்ணனுக்கு அறுபதாயிரம் தர வேண்டியிருந்தது. பேய்க் கதை வீடியோ கேம் ஒன்றைச் செய்யக் கம்ப்யூட்டர் வாங்கிய கடன். "உன் பேய்ங்க சம்பாதிச்சா குடு, இல்லன்னா விடு" என்று சொல்லித்தான் அண்ணன் கொடுத்தார். ஆனாலும் கடன் கடன்தான் என்று தம்பி மனசில் எழுதி வைத்திருந்தான்.

அண்ணனைத் தெருவே காந்தம் என்றுதான் கூப்பிடும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வீடு வீடாகச் சாக்குத் தூக்கி, பழைய மின்சாதனங்களைப் பிரித்து விற்கும் கடையைத் தனி ஆளாக எழுப்பினார். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும் அந்தக் கடைதான். சுத்தச் செம்பா, மேலே பூசிய செம்பா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். அப்படிச் சொல்ல இன்னொருத்தன் பிறந்துதான் வர வேண்டும்.

தம்பியின் கேமில் ஜப்பான் நாட்டுக் கதைப் பேய்கள். நூறு வருஷம் உழைத்த சாமானுக்கு உயிர் வந்துவிடுமாம். தூக்கி எறிந்தால் பழிவாங்க வருமாம். ஒற்றைக்கால் குடை, நாக்கு நீட்டும் விளக்கு என்று ஐந்து வருஷமாக வரைந்து வரைந்து நடக்க வைத்தான்.

"நம்ம கடைக்கு வந்தா உன் பேயெல்லாம் கிலோ கணக்குலதான்டா போகும்."

"சிரிண்ணே, சிரி. திங்கக்கிழமை கேமை வாங்கற கம்பெனிக்காரங்க வருவாங்க. அவங்களோட உக்காந்து பாரு. அதுவரைக்கும் உனக்குக் காட்ட மாட்டேன்."

சனிக்கிழமை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கேம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, கடையிலிருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்று எடுத்து வந்தான். மேசையில் வைத்துவிட்டு வயர் வாங்கப் போனான். அண்ணன் பின்பக்கம் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆபீஸ்காரர் வந்து, ஒரு மூட்டை பழைய டிஸ்க்குகளை அதே மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றிலும் தன் கண் முன்னால் ஓட்டை போட வேண்டும் என்றார்.

"நான் ஓட்டை போட்டா கடவுளே வந்தாலும் படிக்க முடியாது சார்!" காந்தம் டிரில்லை எடுத்தார். ஒரே மூச்சில் முடித்தார். ஆபீஸ் சீட்டில் பதினெட்டு, மேசையில் பத்தொன்பது.

"ஒன்னு கூட இருக்கே சார்."

"எங்க ஆளுங்க எண்ணுன லட்சணம் அப்படி."

"போகட்டும், அது இனாம்" என்று சிரித்துக்கொண்டே சீட்டில் முத்திரை குத்தினார்.

தம்பி வயரோடு வந்தான். மேசையைப் பார்த்தான். "அண்ணே, இங்க ஒன்னு வெச்சிருந்தேனே."

காந்தமே குவியலைக் கிளறினார். ஒன்றின் பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் சின்ன ஒற்றைக்கால் குடை. நட்டநடுவில் ஓட்டை.

"வேற காப்பி இருக்குல்லடா?"

"இருந்துச்சு. அந்த டிஸ்க் போன மாசமே கெட்டுப் போச்சு. புதுசு வாங்க மறுபடியும் உங்கிட்ட கேக்க வாய் வரலண்ணே."

இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "அதுல என்னடா கதை?" என்று கேட்டார் காந்தம்.

"ஒரு பழைய சாமான் கடை. பேய்ங்க கோவமா வரும். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒவ்வொன்னையும் தொட்டு, 'இருடா, உன்னால என்ன ஆகும்னு பாக்கறேன்'ம்பாரு. கோவம் ஆறிடும். சண்டையே கிடையாது."

காந்தம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுபடி செய் என்று கெஞ்சிப் பார்த்தார். கை வரவில்லை என்றான். கிடங்கு ஒன்றில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போனான். பேச்சு குறைந்தது, பேயைப் பற்றிய பேச்சு நின்றேபோனது. ஒரு வருஷம் கழித்து, ஒரு கவரோடு கடைக்கு வந்தான்.

"எதுக்குடா? நான் கேட்டேனா?"

"கை நீட்டுண்ணே."

"அந்தக் கணக்கை நான் ஓட்டை போட்ட அன்னைக்கே தீத்துட்டேன்டா. எனக்கு வேணாம்."

"உனக்கு வேணாம். எனக்கு வேணும். இனிமே அந்த கேமை நெனக்கக் கூடாதுண்ணே நான். நீட்டு."

யாரிடமும் கை நீட்டாமல் வளர்ந்தவர் நீட்டினார். தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு ஆயிரமாக, அறுபதையும் எண்ணி வைத்தான்.